மூன்றாம் முறை தேறிய மேதை: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நம் நாகல் நகர்த் தெருக்களில் இருவகை வீடுகளைக் காணலாம். ஒருவகை வீட்டில் அண்டை அயலாருக்கு இனிப்பு வழங்குவார்கள். மற்றொரு வகை வீட்டில் கதவு பாதி சாத்தியிருக்கும். தோல்வியுற்றவளுக்கு ஆறுதல் கூற நாலு பேர் வருவார்கள். முதலிடம் பெற்றவளைப் பாராட்ட நாற்பது பேர் வருவார்கள். இரண்டுக்கும் இடையில் நிற்கும் நடுத்தர மாணவியை யாரும் கவனிப்பதில்லை. அவளும் தன் மதிப்பெண் பட்டியலை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தன் ஆசைகளையும் அதனோடு சேர்த்து மடித்துவிடுகிறாள். உயர்கல்வி, வெளிநாட்டுப் படிப்பு, ஆராய்ச்சி என்பனவெல்லாம் முதலிடம் பெற்றோருக்கே உரியவை என்று அவளாகவே முடிவு கட்டிவிடுகிறாள்.

அத்தகைய தோழியருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறியவர் ஒருவர். மருத்துவக் கல்லூரியில் முழுப் பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த சான்றிதழோடு வெளியே வந்தவர். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தவர். இன்று உலகில் கோடிக்கணக்கான மக்கள் உட்கொள்ளும் மருந்துகளுக்கு வழிவகுத்தவரும் அவரே. அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். பீமவரம் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அக்காலத்தில் அவ்வூரும் நம் திண்டுக்கல்லும் ஒரே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. தந்தையார் பெயர் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தை வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பலர், வருமானமோ குறைவு.

சிறுவனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்று வயதில், உறவுக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினான். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்பது அவன் திட்டம். பாதி வழியிலேயே பிடிபட்டு வீடு திரும்பினான். தாயார் வெங்கம்மா சலித்துவிடவில்லை. மகன் படித்தே தீர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். இருமுறை மெட்ரிகுலேஷனில் தவறியபின், சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையாக எழுதி சுப்பாராவ் தேர்ச்சி பெற்றார். ஒரு தாய் இரண்டாம் தோல்வியோடு கைவிட்டிருந்தால், இந்த வரலாறு அங்கேயே முடிந்திருக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் பயின்றார். கணிதத்தில் அவருக்கு நாட்டம் பிறந்தது. ஆனால் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் கற்றால் மடத்தின் மருத்துவமனைகளில் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி மருமகனின் படிப்புக்கு உதவினார்.

கதராடையும் குறைந்த சான்றிதழும்

அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு அவர் விடுத்த அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக் கூடத்தில் அணியும் மேலங்கியையும் சுப்பாராவ் கதரிலேயே அணியத் தொடங்கினார். தறியோசை கேட்டு வளர்ந்த நாகல் நகர்ப் பிள்ளைகளாகிய நமக்கு, ஒரு முழத் துணிக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு உள்ளது என்பது தெரியும். ஆகவே, அவருடைய செயலின் பொருளும் நமக்கு எளிதில் விளங்கும். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாகவே எழுதியிருந்தும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது.

இரண்டு எழுத்துகளின் வேறுபாடுதானே என்று நாம் எண்ணலாம். அந்த வேறுபாடு அவருடைய வாழ்வையே திருப்பிவிட்டது. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. முடிவில், டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ஆனார்.

மருத்துவம் பயின்ற நாள்களில் அவர் குடும்பத்தில் பேரிடி ஒன்று விழுந்திருந்தது. ஸ்புரூ எனப்படும் கொடிய வயிற்றுப்போக்கு நோயால் அவருடைய உடன்பிறந்தார் இருவர் எட்டே நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், இரத்தம் குன்றி, நோயாளி மெலிந்து மடியும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார். தம்மைக் குணப்படுத்தியது எது, உடன்பிறந்தாரைக் காக்கத் தவறியது எது என்னும் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. விடை காண ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்கு மேல்நாட்டுக் கல்வி வேண்டும். ராக்ஃபெல்லர் உதவியில் இந்தியா வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தது அவர் பார்வையை அமெரிக்காவின் பக்கம் திருப்பியது.

அமெரிக்காவுக்கு விண்ணப்பம்

அமெரிக்காவில் கற்க விழைந்த இந்தியர்களில் இவர் முதல்வர் அல்லர். பூனாவைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி 1883இலேயே கப்பலேறி, பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். தலைச்சேரியில் பிறந்து சென்னையில் ஆசிரியப் பணி புரிந்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென ஏற்படுத்தப்பட்ட பார்பர் உதவித்தொகையால் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் தாவரவியலில் முனைவரானார். பெண்களுக்கும் அந்த வாயில் திறந்தே இருந்தது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

சுப்பாராவின் கையில் இருந்தது என்ன? மூன்றாம் முறை தேறிய மெட்ரிகுலேஷனும், முழுப் பட்டமாகாத எல்.எம்.எஸ்.ஸும், ஆயுர்வேதக் கல்லூரி அனுபவமுமே. அவற்றைக் கொண்டு அவர் முழு மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை. ஹார்வர்டின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தார். தம் நாட்டு நோய்களைப் பற்றிய படிப்பு அது. தமக்கு உண்மையாகவே வேண்டியது எது, தம் தகுதிக்குத் திறக்கக்கூடிய கதவு எது என்று இரண்டையும் எண்ணிப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்தார் என்றே கூறலாம். இடம் கிடைத்தது, பணம்தான் கிடைக்கவில்லை. காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறநிலையம் உதவுவதாக வாக்களித்தது. மாமனாரும் பணம் திரட்டிக் கொடுத்தார். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அவர் பாஸ்டன் நகரில் இறங்கினார்.

அந்த ஆண்டு இந்தியர்களுக்கு நல்ல ஆண்டன்று. 1923 பிப்ரவரியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் எனத் தீர்ப்பளித்திருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கும்வரை இந்தியர் அங்கே விருந்தினரே.

கையிலிருந்த சான்றிதழைக் கொண்டு அவர் அங்கே மருத்துவராகப் பணிபுரிய இயலவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஊழியரானார். நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவுவதும், விரிப்புகளை மாற்றுவதும் அவர் வேலை. பகலில் ஹார்வர்டு மாணவர்; இரவில் மருத்துவமனைப் பணியாளர். மருத்துவம் படித்த ஒருவர் இந்த வேலையைச் செய்வதா என்று அவர் தயங்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில்

பட்டயம் பெற்றபின், உயிர்வேதியியல் அறிஞர் சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளக்க எளிய முறை அப்போது இல்லை. மாலிப்டேட் உப்பைச் சேர்த்து நீல நிறம் தோன்றச் செய்து, அந்த நீலத்தின் அடர்த்தியைக் கொண்டே பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற அதனை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் கற்கின்றனர்.

அந்த அளவுகோல் கையில் கிடைத்ததும் தசைகளை ஆராய்ந்தனர். 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்து அறிவித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். நாம் ஓடும்போதும், எழுதும்போதும், உறங்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆற்றலின் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். நம் உயிரியல் பாடநூலில் பலமுறை வரும் இம்மூன்று எழுத்துகளுக்குப் பின்னால், மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறிய ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1930ஆம் ஆண்டு ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. ஆயினும் நிரந்தர ஆசிரியப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1940இல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

மருந்துகளின் வரிசை

லெடர்லியில் கழிந்த எட்டு ஆண்டுகளே அவர் வாழ்வின் அறுவடைக் காலம். முதலில் ஃபோலிக் அமிலம். இதற்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் காணப்பட்ட இரத்தசோகையை ஆராய்ந்தார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அந்நோயைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். அந்தப் பொருள் எது என்பது தெளிவாகாமலே இருந்தது. சுப்பாராவின் குழுவினர் அதனைப் பிரித்தெடுத்து, 1945இல் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டினர். அதுவே ஃபோலிக் அமிலம்.

ஸ்புரூ நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்தபோது அவர்களுடைய இரத்தம் தேறியது. தம் உடன்பிறந்தார் இருவரை விழுங்கிய நோய்க்கு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்து, அவர் கையாலேயே மருந்து பிறந்தது. இன்று நம் நாட்டுப் பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ளது. வாய் கசக்கும் என்று அதனை ஜன்னல் வழியே எறியும் தோழியர், அது வந்த வழியை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

அடுத்தது அதற்கு நேர்மாறான மருந்து. ஃபோலிக் அமிலம் இரத்த அணுக்கள் பெருக உதவுகிறது. அப்படியானால், அதன் உருவை ஒத்திருந்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்று, கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணுக்களையும் தடுக்குமன்றோ? இத்தகைய பொருளாகிய அமினாப்டெரினை சுப்பாராவின் குழுவினர் தயாரித்துக் கொடுக்க, பாஸ்டன் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் செலுத்தினார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்நோய்க்கு மருந்தென்று ஒன்று இருந்ததில்லை. அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் பயன்படுகிறது.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான். டி.இ.சி. என்ற பெயரில் தமிழகத்தில் வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரை இதுவே. நான்காவது ஆரியோமைசின். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து இதனைக் கண்டெடுத்தவர், எழுபது வயதைக் கடந்த தாவரவியலறிஞர் பெஞ்சமின் டக்கர். வயது முதிர்ந்தவர் என்று ஒதுக்காமல் அவருக்கு ஆய்வுக்கூடத்தில் இடமளித்து, அந்த முயற்சி முழுவதையும் நடத்தியவர் சுப்பாராவ். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் இதுவே முதலாவது.

இத்தனை செய்தும் அவர் தம் பெயரை முன்னிறுத்தியதில்லை. உடன் உழைத்தவர்களைப் பேசவிட்டு, தாம் பின்வரிசையில் அமர்ந்திருப்பாராம். 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. குடியுரிமைத் தடை நீங்கிய பின்னும் அவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை. பின்னாளில் ஒரு பூஞ்சை இனத்திற்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். அவர் நூற்றாண்டாகிய 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

சேஷகிரி அம்மையார்

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கே முடித்துவிடுவர். பெண்கள் பள்ளி மலரில் எழுதும்போது அவ்வாறு முடிக்க மனம் வரவில்லை. அவர் கப்பலேறியபோது சேஷகிரி அம்மையார் கருவுற்றிருந்தார். மூன்றாண்டில் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற கணவர் திரும்பவேயில்லை. பிறந்த மகன் ஓராண்டு நிறையுமுன் நோயால் இறந்தான். தந்தை அவன் முகத்தைக் கண்டதில்லை. ஆய்வு, அடுத்த ஆய்வு என்று ஆண்டுகள் இருபத்தைந்து ஓடின. உலகத்தார் பெற்ற மருந்துகளின் விலையில் ஒரு பகுதியை, கடலுக்கு இப்பால் காத்திருந்த அந்த அம்மையார் செலுத்தினார். சுப்பாராவை மேதை என்று போற்றும் நாம், இதனை மறைத்துப் போற்ற வேண்டியதில்லை. மேதைகளின் வாழ்விலும் ஈடுசெய்ய முடியாத இழப்புகள் உண்டு.

நாம் கற்கும் பாடம்

மதிப்பெண் வேண்டியதில்லை என்று சுப்பாராவின் வாழ்வு கூறவில்லை. மூன்றாம் முறையும் தேர்வு எழுதித்தான் அவர் தேறினார். குறைந்த சான்றிதழ் அவரை இரவு ஊழியராக்கியது; அந்தத் துன்பமும் உண்மையே. ஆனால் அது அவருடைய பாதையை நீட்டியதேயன்றி, மூடவில்லை.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் இதே நிலையைச் சந்திக்கின்றனர். நம் மூன்றாண்டுப் பட்டத்தை அங்குள்ள நான்காண்டுப் பட்டத்திற்கு இணையாகச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. சான்றிதழ்களை மதிப்பிட்டுத் தர நிறுவனங்கள் தனியே உள்ளன. முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டாமல் மாணவர் விசாவுக்குரிய படிவம் கிடைக்காது. ஆனால் அங்கே மதிப்பெண்ணோடு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும், மாணவி தன் நோக்கத்தை விளக்கி எழுதும் கட்டுரையும், செய்த பணிகளும் சேர்த்தே பார்க்கப்படுகின்றன. நேரே பெரிய பல்கலைக்கழகம் கிடைக்காதவர், இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, அங்கே நன்கு கற்று, பிறகு பல்கலைக்கழகத்திற்கு மாறுவதும் உண்டு. சுப்பாராவ் பட்டயப் படிப்பில் நுழைந்து ஏழாண்டில் முனைவரானதும் இத்தகைய வழியே.

ஆகவே, விண்ணப்பப் படிவத்தை எடுக்கும் தோழி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தன் மதிப்பெண் எவ்வளவு என்பதன்று. தான் அங்கே எதற்காகப் போகிறாள் என்பதே. சுப்பாராவுக்கு அதற்கு விடை இருந்தது. எட்டு நாளில் இரு உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து காண வேண்டும் என்பதே அந்த விடை. அப்படி ஒரு விடையை உடையவளுக்கு முதல் கதவு சாத்தியிருந்தாலும் அடுத்த கதவைத் தட்டும் துணிவு வரும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பாட்டிமார் சொல்லிவந்த உண்மை. பெட்டிக்குள் மடித்துவைத்த பட்டியலைத் தோழியர் எடுக்கட்டும். அதில் உள்ள எண்களுக்கு அஞ்சாமல், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று எண்ணட்டும்.